பீமுக்கு இரும்பு பிளேட்டா, கார்பன் ஃபைபரா?

கேள்வி: பழைய கட்டடம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மாடிக் கூடத்தில் வரிசையாகப் புத்தக அலமாரிகள் வைத்து நூலக அறையாக மாற்ற ஆசை. அந்தத் தளத்தைத் தாங்கும் கான்கிரீட் பீம் 6 மீட்டர் நீளம், 230 மி.மீ. அகலம், ஸ்லாபோடு சேர்த்து 450 மி.மீ. ஆழம். அடிப்பக்கம் நடுவில் மயிரிழை போல மூன்று விரிசல்கள், ஒரு ஓரத்தில் தூணுக்கு அருகே சாய்வாக ஒரு விரிசல். நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் 15 மி.மீ. தொய்வு. ஒரு ஒப்பந்தக்காரர் அடியில் இரும்பு பிளேட் வைத்து போல்ட் போடலாம் என்கிறார். இன்னொருவர் கார்பன் ஃபைபர் ஒட்டினால் சில நாளில் வேலை முடியும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டு பேரும் பொருளைச் சொல்லியிருக்கிறார்கள். பீமுக்கு என்ன குறை என்று இருவரும் சொல்லவில்லை. அங்கிருந்து தொடங்குவோம்.

நடுவில் இருக்கும் மூன்று மயிரிழை விரிசல்கள் என்னை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். சுமை ஏறியதும் அடிப்பக்கம் லேசாக வெடிக்கும், அப்புறம் உள்ளே இருக்கும் கம்பி வேலையை எடுத்துக்கொள்ளும். பீம் இப்படி நடக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். 15 மி.மீ. தொய்வும் பெரிதல்ல. நீளத்தை 250-ஆல் வகுத்து வரும் அளவு வரை பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள், உங்கள் பீமுக்கு அது 24 மி.மீ. அதில் ஒரு பகுதி கட்டும்போதே சென்ட்ரிங் இறங்கியதால் வந்ததாகவும் இருக்கலாம்.

தூணுக்கு அருகே இருக்கும் சாய்வு விரிசல் வேறு ரகம். அது வெட்டுவிசையால், அதாவது பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையால், வந்திருக்கலாம். வளைந்து உடைகிற பீம் தொய்ந்து, வெடித்து, பலநாள் எச்சரிக்கை கொடுத்துவிட்டு விழும். வெட்டுவிசையில் உடைகிற பீம் அந்த மரியாதையைத் தராது. அடியில் எத்தனை பிளேட் ஒட்டினாலும் இந்தக் குறை தீராது, ஏனென்றால் அங்கே பலம் தேவைப்படுவது பக்கவாட்டில். அடிப்பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் கூடுதல் சுமையும் ஏறி, பலவீனமான ஓரம் முதலில் போகும். இரண்டு ஒப்பந்தக்காரர்களும் அடியைப் பற்றி மட்டுமே பேசியது எனக்கு உறுத்துகிறது.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. விரிசல் கம்பி போகும் வழியிலேயே நீளவாட்டில் ஓடினால் அது துரு. துரு, தான் தின்ற இரும்பைப் போல் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளும். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் அடிப்பக்கம் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும், உள்ளே பிரிந்த இடம் ‘டொப்’ என்று பொந்தாக ஒலிக்கும். துருப்பிடித்த பீமின் மேல் எதை ஒட்டினாலும் துரு நிற்காது. ஒட்டியதையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

சரி, இப்போது சுமைக்கு வருவோம். பதில் இங்கேதான் முடிவாகிறது.

இந்த பீம் 3 மீட்டர் அகல ஸ்லாபைத் தாங்குகிறது, 125 மி.மீ. ஸ்லாப், மேலே தரைப் பூச்சு என்று வைத்துக்கொள்வோம். பீமின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நிலைச்சுமை, அதாவது கட்டடத்தின் சொந்த எடை, சுமார் 14 கிலோநியூட்டன் வரும். குடியிருக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பயன்சுமை (ஆட்கள், சாமான்கள்) எடுப்பார்கள், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. அது பீமின் மேல் மீட்டருக்கு 6 கிலோநியூட்டன். புத்தக அடுக்குகளுக்கு இது சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் அல்லது அதற்கு மேல், ஆக பீமின் மேல் 18. புத்தகம் கிட்டத்தட்ட மரத்தின் எடைதான். பலர் அலமாரியைத் தட்டுமுட்டுச் சாமான் போல நினைத்துக்கொள்கிறார்கள்.

பாதுகாப்புக் காரணி 1.5 என்றால் பழைய வடிவமைப்பு ஒவ்வொரு மீட்டருக்கும் தாங்க வேண்டியது (14 + 6) × 1.5 = 30 கிலோநியூட்டன். புதிதாகத் தேவைப்படுவது (14 + 18) × 1.5 = 48. ஐந்தில் மூன்று பங்கு கூடுதல் பலம் கேட்கிறீர்கள். பசையும் ஃபைபரும் வைத்து அந்த எண்ணைத் தாளில் எட்டிவிடலாம். ஆனால் எட்ட விடாமல் தடுக்கிற விதி ஒன்று இருக்கிறது.

அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் 440.2 வழிகாட்டி, ஒட்டிய ஃபைபர் ஒருநாள் முழுவதுமாகக் கழன்றுபோனாலும் பழைய பீம் மட்டும் விழாமல் நிற்க வேண்டும் என்கிறது. தீ வரலாம், யாராவது துளை போடலாம், பசை பிரியலாம். அப்போது 1.1 மடங்கு நிலைச்சுமையையும் 0.75 மடங்கு பயன்சுமையையும் பழைய பீமே தாங்க வேண்டும். உங்களுக்கு 15.4 + 13.5 = 28.9. முப்பதுக்குள் அடங்குகிறதே என்று மூச்சுவிட வேண்டாம். எப்போதும் நிரம்பியே இருக்கும் சுமைக்கு 0.75 செல்லாது, முழு 1.0 எடுக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. அதற்கு அது காட்டும் உதாரணங்களில் ஒன்று நூலகப் புத்தக அடுக்கு! கணக்கு 15.4 + 18 = 33.4 ஆகிறது. பழைய பீமின் பலம் 30. அதுவும் கம்பியில் துரு இல்லை, சாய்வு விரிசல் இல்லை என்றால்தான்.

ஆகவே கார்பனை மட்டும் ஒட்டி அறை முழுக்க அலமாரி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பசையை மட்டும் நம்பி ஒட்டுகிற இரும்பு பிளேட்டுக்கும் இதே பதில்தான். இங்கே நான் எடுத்துக்கொண்டது உத்தேச அளவுகள். உங்கள் பொறியாளர் உண்மையான அளவுகளைப் போட்டு இதே நான்கு வரிக் கணக்கைச் செய்து காட்டட்டும்.

கார்பன் மோசம் என்று அர்த்தமில்லை. 1991-ல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் அருகே ஈபாக் பாலத்தில் போக்குவரத்து விளக்கு பொருத்தத் துளை போட்டபோது, உள்ளே இறுக்கி இழுத்து வைத்திருந்த இரும்புக் கேபிள் ஒன்றின் கம்பிகள் அறுபட்டன. 175 கிலோ இரும்பு தேவைப்பட்டிருக்கும் இடத்தில் 6.2 கிலோ கார்பன் பட்டைகளை ஒட்டிச் சரிசெய்தார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. உங்கள் பீமுக்கே கணக்குப் பாருங்கள். 200 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள இரும்பு பிளேட் 6 மீட்டருக்கு 47 கிலோ. தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க நாலு ஆள், பசை காயும்வரை முட்டு, போல்ட், அப்புறம் துருவுக்குப் பெயிண்ட். 100 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. கனம் உள்ள கார்பன் பட்டை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சுருட்டி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறலாம்.

விளம்பரத் தாளில் அதன் இழுவலிமை 2,800 மெகாபாஸ்கல் (பலத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருக்கும், கம்பியின் 500-ஐ விட ஐந்தாறு மடங்கு. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பட்டை அறுவதற்கு வெகுமுன்பே அதைப் பிடித்திருக்கும் கான்கிரீட்டின் மேல்தோல் பிய்ந்துவிடும். 25 மெகாபாஸ்கல் கான்கிரீட்டில் ஒட்டிய அந்த 1.2 மி.மீ. பட்டையில் நீங்கள் நம்பக்கூடியது சுமார் 760 மெகாபாஸ்கல், கால் பங்கை விடச் சற்று அதிகம். மீதி பலம் சும்மா கிடக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு ஒட்டினால் பலம் இரட்டிப்பாகுமா என்றால் அதுவும் இல்லை. 1.4 மடங்குதான் கிடைக்கும். ஒட்டுகிற இடத்தின் அகலத்தைக் கூட்டினால் பலன், கனத்தைக் கூட்டினால் பாதி வீண்.

தொய்வையும் கார்பன் நிமிர்த்தாது. அடியில் 20 மி.மீ. கம்பி மூன்று இருந்தால் குறுக்குப் பரப்பு 942 சதுர மி.மீ. பட்டையின் பரப்பு 120. விறைப்பிலும் பட்டை இரும்பை விடக் கொஞ்சம் குறைவு. கம்பிகளின் விறைப்போடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு தேறும். அதுபோக, பட்டை ஒட்டும் நேரத்தில் பீம் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் எடையில் பட்டைக்குத் துளியும் பங்கு கிடையாது. அதற்கப்புறம் வரும் சுமையில்தான் அது கை கொடுக்கும். ஒட்டுவதற்கு முன் மேலே உள்ள சாமான்களை இறக்கி, ஜாக்கி வைத்து பீமை மெதுவாகத் தாங்கிக்கொண்டு ஒட்டினால் பங்கு கூடும். இது இரும்பு பிளேட்டுக்கும் பொருந்தும்.

தீ பற்றி ஒரு வார்த்தை. ஒட்டும் எபாக்சி 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். இரும்பு ஏறக்குறைய 550 டிகிரி வரை பாதி பலமாவது வைத்திருக்கும். காகிதம் நிரம்பிய அறையைத் தாங்கும் பீமுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதல் யோசனைக்குச் செலவே இல்லை. அலமாரிகளை நடுக் கூடத்தில் வரிசையாக வைக்காமல், கீழே சுவரோ வேறு பீமோ நேராகத் தாங்கும் ஓரங்களுக்கு மாற்றுங்கள். நடுவில் மேஜை, நாற்காலி. சுமை பழைய கணக்குக்குள் வந்துவிட்டால் சாய்வு விரிசலை மட்டும் சரிசெய்தால் போதும். அந்த வேலைக்குக் கார்பன் துணி அருமையான பொருள். பீமின் இரு பக்கமும் அடியும் சேர்த்து பட்டை பட்டையாகச் சுற்றுவார்கள். மேலே ஸ்லாப் இருப்பதால் முழுச் சுற்று சுற்ற முடியாது, மேல் நுனிகள் பிரியாமல் இருக்க அங்கே பிடிமானம் கொடுக்கச் சொல்லுங்கள். அடி மூலைகளைக் குறைந்தது 13 மி.மீ. ஆரத்துக்கு உருட்டித் தேய்க்க வேண்டும். கூர்மூலையில் மடங்கும் துணி அங்கேயே அறும்.

அறை முழுக்க அலமாரிதான் வேண்டும் என்றால் என் தேர்வு கான்கிரீட் ஜாக்கெட்டிங். பழைய பரப்பைக் கொத்தி, புதுக் கம்பி, அவற்றைச் சுற்றிப் பிடிக்கும் புது ரிங் போட்டு, மூன்று பக்கமும் 75 மி.மீ. அளவில் புதுக் கான்கிரீட். ரிங்கை ஸ்லாபில் துளைத்து மேலே எடுத்துப் பூட்ட வேண்டும். அடிக்கம்பிகளைத் தூணில் துளையிட்டு எபாக்சியில் ஊன்ற வேண்டும். இந்த இரண்டையும் செய்யாத ஜாக்கெட் வெறும் சட்டைதான். தூசி, சத்தம், நாள் எல்லாம் அதிகம். ஸ்லாபுக்குக் கீழே தெரியும் பகுதியின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதையும் தூணும் அடித்தளமும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆனால் வளைவு, வெட்டுவிசை, தொய்வு, தீ நான்குக்கும் ஒரே பதில் அதுதான்.

உயரம் இருந்தால் பீமுக்கு அடியில் தனி இரும்பு ஐ-பீம் வைத்து அதற்கென்று தனிக் கால்கள் கொடுப்பதும் நல்ல வழி, மேலே தீக்காப்புப் பூச்சுடன். இடையில் 2 மி.மீ. இடைவெளி இருந்தால்கூட பழைய பீம் அந்த 2 மி.மீ. இறங்கும்வரை புதியது வேடிக்கை பார்க்கும். சுருங்காத கிரவுட் (இடைவெளி அடைக்கும் கலவை) வைத்து இறுக்கி அடைக்க வேண்டும்.

எதை ஒட்டினாலும் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு அனுமதி கொடுங்கள். ஒருமுறை, ஒட்டி ஆறு மாதத்தில் பட்டை தொங்குகிறது என்று கூப்பிட்டார்கள். போய் இழுத்துப் பார்த்தால் பட்டையோடு பழைய பூச்சும் அதன்மேல் அடித்த பெயிண்டும் தாளாக உரிந்து வந்தன. பசை நன்றாகத்தான் ஒட்டியிருந்தது, பெயிண்டில்! பூச்சை முழுதும் எடுத்து, கிரைண்டரால் ஜல்லி லேசாகத் தெரியும்வரை தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்த பிறகே பசை. 0.3 மி.மீ.க்கு மேல் அகலமான விரிசலில் முதலில் எபாக்சியை ஊசி போல உள்ளே செலுத்தி அடைக்க வேண்டும். பரப்பில் ஈரம் கூடாது. தயாரான பரப்பில் வட்டத் தகடு ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். 1.4 மெகாபாஸ்கலுக்குக் குறையாமல் தாங்க வேண்டும், பிய்வதும் கான்கிரீட்டுக்குள்தான் பிய்ய வேண்டும். ஒட்டிக் காய்ந்ததும் அதே சுத்தியல், அதே ‘டங்’. போல்ட் போடுவதாக இருந்தால் துளைக்கும் முன் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேனர் வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். பலப்படுத்த வந்து உள்கம்பியை அறுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

பொறியாளர் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. அந்தச் சாய்வு விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாடியில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால், அல்லது நகம் நுழையும் அளவு அகன்றால், மாடியைக் காலி செய்து பீமுக்கு அடியில் அன்றே முட்டுக் கொடுத்துவிடுங்கள்.