ரத்த நோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி: எதை, எப்போது போடுவது?

கேள்வி: ஐ.டி.பி. நோயால் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கும் நோய்) என் மனைவிக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிக்கடி இறங்கிவிடுகின்றன. அடுத்த மாதம் மண்ணீரலை எடுக்கப் போகிறார்கள். தடுப்பூசிகளை உடம்பு தேறிய பிறகு போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அறுவைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் ஆகிய பாக்டீரியாக்களைச் சுற்றிச் சர்க்கரையாலான உறை உண்டு. ரத்தத்தில் புகுந்த இவற்றை வடிகட்டி அழிப்பதில் மண்ணீரலுக்கு ஈடான உறுப்பு வேறில்லை. அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மூன்றுக்கும் ஊசி வேண்டும். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும். மெனிஞ்சோகாக்கஸுக்கு மட்டும் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு ஒன்று, பி வகைக்கு ஒன்று என்று தனித்தனி ஊசிகள் இருக்கின்றன. இரண்டையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். கடந்த 6 மாதத்தில் அவருக்கு ரிட்டுக்ஸிமாப் (ஆன்டிபாடி உருவாகத் தேவையான பி அணுக்களைக் குறிவைக்கும் மருந்து) ஏற்றியிருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது. அப்படியென்றால் அறுவைத் தேதியைத் தள்ள முடியுமா என்று ரத்தநோய் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள்.

எல்லா ஊசியும் போட்டாலும், அந்தக் கிருமிகளின் எல்லா வகைகளும் அதில் அடங்காது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய் கடித்தாலும் அப்படித்தான், காயம் சிறியதாக இருந்தாலும்.

கேள்வி: அரிவாள் செல் நோயுள்ள எங்கள் 2 வயதுக் குழந்தைக்கு நிமோகாக்கஸ் ஊசி போட்டாயிற்று. தினமும் பென்சிலின் கொடுப்பதை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. இந்த நோயில் மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடுகிறது. பென்சிலின் கொடுத்த குழந்தைகளிடம் நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்ததை 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே 8 மாதம் முன்னதாக முடித்துக்கொண்டார்கள். குறைந்தது 5 வயதுவரை ஊசியும் மருந்தும் சேர்ந்தே இருக்கட்டும்.

கேள்வி: சி.எல்.எல். ரத்தப் புற்றுக்கு அப்பா ரிட்டுக்ஸிமாப் சிகிச்சை முடித்து 3 மாதம் ஆகிறது. கோவிட் ஊசி போட்டும் ஆன்டிபாடி இல்லை என்று சோதனை சொல்கிறது. ஊசி வீண்தானா?

பதில்: வீண் இல்லை. புதிதாக ஆன்டிபாடி உருவாகப் பி அணுக்கள் வேண்டும். ரிட்டுக்ஸிமாப் குறிவைப்பதே அவற்றைத்தான். அவை திரும்ப 6 மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு பிரிவான டி அணுக்களை இந்த மருந்து குறிவைப்பதில்லை. ஆன்டிபாடி இல்லாத பலரிடமும் டி அணுக்கள் ஊசியை அடையாளம் கண்டுகொள்வதை ஆய்வுகளில் பார்க்கிறோம். வழக்கமான ஆன்டிபாடி சோதனையில் இது தெரியாது. அந்த அறிக்கையை வைத்து மனம் உடைய வேண்டாம். முன்பு போட்ட ஊசிகளின் பாதுகாப்பும் ஒரேயடியாகப் போய்விடாது. ஆன்டிபாடி சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா அணுக்களில் ரிட்டுக்ஸிமாப் பற்றிக்கொள்ளும் சிடி20 புரதம் கிடையாது.

சி.எல்.எல். நோயே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதும் உண்மை. அதனால் 6 மாதம் கடந்ததும் மறுபடி போடுவது நல்லது. அடுத்த சுற்று சிகிச்சை வருவதாக இருந்தால் அதற்குச் சில வாரம் முன்பே. அக்கிக்கு, உயிருள்ள கிருமி இல்லாத இரண்டு தவணை ஊசி உண்டு. அதைக் கட்டாயம் கேளுங்கள். உயிருள்ள கிருமி அடங்கிய ஊசிகள் அவருக்கு வேண்டாம். அப்புறம், வீட்டில் இருக்கும் மற்ற எல்லோரும் ஃப்ளூ, கோவிட் ஊசிகளைப் போட்டுக்கொண்டால் அவரைக் கிருமி நெருங்கும் வாய்ப்பே குறையும்.

கேள்வி: எம்.எம்.ஆர். ஊசியால் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) தட்டணு குறையும் என்கிறார்களே?

பதில்: அரிதாகக் குறையும். 30,000 முதல் 40,000 தவணைகளுக்கு ஒருவருக்கு, பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தட்டம்மை, ரூபெல்லா வந்தாலோ இதைவிட அடிக்கடி குறைகிறது. தட்டணுவுக்காக இம்யூனோகுளோபுலின் (பிறரின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி) ஏற்றிய குழந்தைக்கு மட்டும், ஏற்றிய அளவைப் பொறுத்து 8 முதல் 11 மாதம் கழித்துப் போட வேண்டும்.

கேள்வி: ஹீமோஃபிலியா உள்ள மகனுக்குத் தசையில் ஊசி போடலாமா?

பதில்: போடலாம். ஃபாக்டர் (ரத்தம் உறைய உதவும், அவரிடம் குறைவாக உள்ள புரதம்) ஏற்றிக்கொள்ளும் நாளில், ஏற்றியவுடன் போடுங்கள். மெல்லிய ஊசியாகக் கேளுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வீங்கினாலோ வலி கூடினாலோ சிகிச்சை மையத்துக்கு உடனே சொல்லுங்கள்.