இரண்டு படம், ஒரு டிவி: ஆடிப் பண்டிகை வாரக் கேள்வி பதில்

சேலத்தில் 31 வருடம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவன் நான். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்தில் கேபினுக்குள் நுழைந்தேன், டிஜிட்டல் பெட்டி வந்த பிறகு வெளியே வந்தேன். பண்டிகை வாரம் என்றால் சானல்காரர்கள் நல்ல படங்களாகப் பார்த்து ஒரே நேரத்தில் எதிரெதிரே போட்டுவிடுகிறார்கள். வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை வருகிறது. "இந்த இரண்டில் எதைப் பார்ப்பது?" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே பேர் வாங்கிய படங்கள். அதனால் எது பெரிது என்ற பேச்சுக்குள் போகவில்லை. உங்கள் வீட்டு டிவியில், உங்களோடு உட்காருகிறவர்களுக்கு, விளம்பரங்களையும் தாண்டி எது முழுசாக வந்து சேரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர்: ஐயா, எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. ஞாயிறு மதியம் ஒரு சானலில் 'மந்திரி குமாரி', இன்னொன்றில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. இரண்டும் நம்ம ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் படம். பட்டறைப் பையன்கள் கலர் படம்தான் வேண்டும் என்கிறார்கள்.

பையன்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1956இல் வந்த 'அலிபாபா' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆர்., பானுமதி, பி.எஸ். வீரப்பா என்று திரை நிறைய ஆட்கள். ஏற்காடு சாலையில் 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோவின் பெருமைகளில் அதுவும் ஒன்று. இன்று அங்கே நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும் போதெல்லாம் நான் வண்டியை மெதுவாக்கிவிடுவேன்.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது 'மந்திரி குமாரி'. உங்கள் தொழிலை வைத்தே காரணம் சொல்கிறேன். கருப்பு வெள்ளை பிலிமில் நாம் பார்ப்பது வெள்ளி. ஒளி பட்ட இடத்தில் வெள்ளித் துகள் கறுத்து நிற்கும், அதுதான் படம். கலர் பிலிமில் கழுவும்போதே வெள்ளியை எடுத்துவிடுவார்கள், சாயம் மட்டும்தான் மிஞ்சும். சாயம் வருடம் போகப் போக மங்கும். வெள்ளி பத்திரமாக வைத்தால் அப்படியே நிற்கும். அந்த வெள்ளிக்காகவே எத்தனையோ பழைய படங்களின் பிரதிகளை அழித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதில் தப்பி வந்தது இந்த 1950ஆம் வருடப் படம். எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கம், கருணாநிதி வசனம், கதையின் வேர் குண்டலகேசியில். மலையுச்சிக்குக் கூட்டிப்போகும் கணவனை மூன்று முறை சுற்றி வருகிறாளே மந்திரியின் மகள், அந்தக் காட்சியில் நிழலையும் வெளிச்சத்தையும் கவனியுங்கள். முடிவு தெரிந்தவர்களையும் அது உட்கார வைத்துவிடும். எஸ்.ஏ. நடராஜன் அந்தக் கணவனாக நடித்ததைப் பார்த்தால் பையன்கள் கலரை மறந்துவிடுவார்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ரிமோட்டில் பட அளவை 4:3 என்று மாற்றுங்கள். அந்தக் காலப் படம் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் எடுக்கப்பட்டது. அகல டிவியில் இழுத்துவிட்டால் எம்.ஜி.ஆர். குட்டையாகிவிடுவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும், நின்றுவிட்டுப் போகட்டும்.

ஓமலூர், கல்லூரி மாணவி: வணக்கம் சார். மகேந்திரன் படங்கள் பற்றி வகுப்பில் கேள்விப்பட்டேன், எதுவும் பார்த்ததில்லை. சனிக்கிழமை இரவு 7 மணிக்கு 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' இரண்டும் வெவ்வேறு சானலில் வருகின்றன. எதில் தொடங்கலாம்?

சனி இரவு 7 மணிக்கு என்றால் 'முள்ளும் மலரும்' பார் கண்ணு. தயங்காதே.

1978இல் வந்த படம். உமாசந்திரன் நாவலை எடுத்துக்கொண்டு தன் வழியில் மாற்றினார் மகேந்திரன். பாலுமகேந்திரா கேமரா, இளையராஜா இசை. மலையில் பெட்டியை ஏற்றி இறக்கும் விஞ்ச் மெஷினை ஓட்டும் காளியாக ரஜினி, தங்கை வள்ளியாக ஷோபா. அதில் கோபம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அண்ணன் தங்கைப் பாசம் இருக்கிறது. நடுவில் சோப்பு விளம்பரம் வந்து போனாலும் கயிறு அறுந்து போகாது. காளி திரும்ப வந்து நின்றதும் நீயும் திரும்பி வந்துவிடுவாய்.

அடுத்த வருடமே அவர் எடுத்த 'உதிரிப்பூக்கள்' வேறு மாதிரி. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பிய கதை. சுந்தரவடிவேலு என்ற ஒரு மனிதன் தன் வீட்டையும் ஊரையும் எப்படி நோகடிக்கிறான் என்று சொல்லும் படம். அவனாக விஜயன், மனைவி லட்சுமியாக அஸ்வினி. அந்தப் படத்தில் பேச்சைவிடப் பேசாமல் இருப்பதுதான் அதிகம். லட்சுமி ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் பார்ப்பாள், அந்தப் பார்வை அடுத்த காட்சிக்குள்ளும் தொடர்ந்து வரும். அந்த இடத்தில் மூன்று நிமிடம் விளம்பரத்தைச் செருகினால், திரும்ப வரும்போது பார்வை போயிருக்கும், கதை மட்டும்தான் இருக்கும். கதையை நான் இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். அதற்கு எதற்குப் படம்?

கேபினில் இருந்தவரைக்கும் எனக்கு அந்தப் பயம் உண்டு. ஒரு மெஷினில் ரீல் முடியும்போது அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், அதைப் பார்த்து மாற்றுவோம். ஒரு நொடி பிந்தினால் வெள்ளைத் திரை. சண்டைப் படத்தில் பிந்தினால் விசில் அடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். 'உதிரிப்பூக்கள்' மாதிரி படத்தில் பிந்தினால் யாரும் விசில் அடிப்பதில்லை, அந்தக் காட்சி போனது போனதுதான். அதனால் அந்தப் படத்தை விளம்பரமில்லாமல் பார்க்க வழி கிடைக்கும் நாளுக்காக வைத்துக்கொள். முடிவில் அந்த ஆற்றங்கரைக்கு நீ இடையில் எழுந்து போகாமல் போய்ச் சேர வேண்டும்.

அதே மாணவி: நன்றி சார். எவ்வளவு நேரம் விளம்பரம் வரும் என்று முன்னாலேயே கணக்குப் போட முடியுமா?

விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம், சானலின் சொந்த விளம்பரத்தையும் சேர்த்து. அப்படியென்றால் மணிக்கு 48 நிமிடம் படம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் முடிய 3 மணி 7 நிமிடம் ஆகும். நிகழ்ச்சி நிரலில் அதே படத்துக்கு இரண்டரை மணி நேரமே ஒதுக்கியிருந்தால், படத்தில் எங்கேயோ கத்தரி விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள். பெரும்பாலும் பாட்டில் விழும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா: தம்பி, எஸ்டேட்டில் இருக்கிறோம். பேத்திக்கு 9 வயது, பரதம் கற்கிறாள். 'தில்லானா மோகனாம்பாள்', 'திருவிளையாடல்' இரண்டும் ஒரே மாலையில். மழை வந்தால் டிஷ் சிக்னல் வேறு போய்விடும்.

அம்மா, இரண்டுமே நம்ம மாவட்டத்துக்காரர் எடுத்த படங்கள். ஏ.பி. நாகராஜன் சங்ககிரிப் பக்கம் அக்கம்மாபேட்டையில் பிறந்தவர். பெயரின் முதல் எழுத்தே அந்த ஊர்தான்.

பேத்தி பரதம் கற்கிறாள் என்றதும் வாய் 'தில்லானா' என்றுதான் வருகிறது. ஆனால் மழை மாலையென்றால் 'திருவிளையாடல்' போடுங்கள். டிஷ்ஷுக்கு வரும் அலை மிகச் சின்ன அலை, பெரிய மழைத்துளி அதைக் குடித்துவிடும். வெறும் மேகமூட்டத்துக்கு அவ்வளவாகப் போகாது, கனமழைக்குத்தான் போகும். போனால் கால் மணி, அரை மணி நேரம் வராது. 'திருவிளையாடல்' தனித்தனிக் கதைகளாகக் கட்டிய படம். தருமி கதையில் சிக்னல் போனாலும் ஹேமநாத பாகவதர் கதை முழுசாகக் கிடைக்கும். நாகேஷின் தருமியை மட்டும் மழை கெடுக்காமல் இருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். நக்கீரராக வருவது நாகராஜனேதான், பேத்திக்குக் காட்டுங்கள்.

'தில்லானா' ஒரே கதை. கொத்தமங்கலம் சுப்புவின் நாவல். சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் நடுவே ஊடல் ஏறி இறங்குவதை முதலிலிருந்து கூடவே போனால்தான், காயம்பட்டவனைப் பார்த்து அவள் ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கும் இடத்தில் கண் கலங்கும். மழை இல்லாத மாதத்தில் வரும்போது பேத்தியை மடியில் வைத்துப் பாருங்கள். நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. டிவி ஸ்பீக்கரில் அது பாதிதான் கேட்கும், வெளி ஸ்பீக்கர் இருந்தால் போடுங்கள்.

அஸ்தம்பட்டி: அண்ணா, புது டிவி வாங்கினேன். எந்தப் பழைய படம் போட்டாலும் சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறது. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யவே மனம் வரவில்லை.

டிவியில் குறை இல்லை தம்பி. சினிமா நொடிக்கு 24 படம். உங்கள் டிவி இரண்டு படத்துக்கு நடுவே தானாகக் கற்பனைப் படங்களை உருவாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு அது சரி. சினிமாவின் அசைவையே அது மாற்றிவிடும். அமைப்புகளில் போய் நிறுத்துங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும்: சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. கூடவே 'விவிட்' என்ற பளிச் நிறத்தையும் விட்டு 'சினிமா' என்பதற்கு மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் மங்கலாகத் தோன்றும், அப்புறம் கண் பழகிவிடும்.

மேட்டூர்: ஐயா, அப்பாவுக்கு 'நாயகன்', எனக்கு 'தேவர் மகன்'. ஞாயிறு காலை 11 மணிக்கு இரண்டும். வீட்டில் 12 வயதுப் பையனும் இருக்கிறான்.

இரண்டுக்கும் பி.சி. ஸ்ரீராம்தான் கேமரா. 'நாயகன்' படத்தில் (1987) அவர் ஒளியைக் கஞ்சமாகப் பிடித்தார். முகத்தில் பாதி இருட்டு, மேலிருந்து விழும் ஒரு வெளிச்சம். கமலுக்கும் ஸ்ரீராமுக்கும் கலை இயக்கிய தோட்டா தரணிக்கும் தேசிய விருது கிடைத்த படம். தாராவியைச் சென்னையில் செட் போட்டுக் கட்டினார் தரணி. ஆனால் காலை 11 மணிக்கு ஜன்னல் வெளிச்சம் டிவியில் விழுந்தால் அந்த இருட்டில் உங்கள் முகம்தான் தெரியும். திரைச்சீலை கனமாக இருந்தால் அப்பா சொல்வதைக் கேளுங்கள். இல்லையென்றால் பரதன் இயக்கிய 'தேவர் மகன்' (1992).

சிவாஜியும் கமலும் ஊரை விட்டுப் போவதைப் பற்றிப் பேசும் காட்சிக்கு இரண்டு முகம் போதும். முகம் பேசும் காட்சிகள் சின்னத் திரையிலும் முழுசாக நிற்கும். நான் அதை எத்தனை முறை ஓட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை, ஒவ்வொரு முறையும் கேபின் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்தேன்.

பையன் கூட இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அருவாளைக் கீழே போடச் சொல்லும் கதை அது. ஆனால் அதில் வரும் சாதிப் பெருமையை மட்டும் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அவனோடு பத்து நிமிடம் அதைப் பேசுங்கள். பேசாமல் விடுவதாக இருந்தால் 'நாயகன்' பக்கமே போய்விடலாம் என்பேன், அதிலும் கத்தி இருந்தாலும்.

ஆத்தூர்: 'விசாரணை'யா, 'பரியேறும் பெருமாள்' படமா? அம்மாவும் பார்ப்பார்கள். இதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்.

'பரியேறும் பெருமாள்'. 'விசாரணை'யில் போலீஸ் காவலில் விழும் அடி ஒவ்வொன்றும் உடம்பில் விழும், அம்மாவுக்கு இப்போது வேண்டாம். மாரி செல்வராஜின் படத்திலும் தொடக்கத்தில் கருப்பி என்ற நாயின் காட்சி கனமானது, அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கடைசிக் காட்சியில் இரண்டு டீ கிளாஸ் வரும். அது வரும்வரை யாரும் சானலை மாற்றக்கூடாது.

அம்மாபேட்டை, நெசவு: அண்ணா, நானும் வீட்டுக்காரியும் தறியில். ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை அன்றைக்கு மட்டும்தான் தறிக்கு லீவு. பிள்ளைகள் இரண்டு பேர், 7, 10. அவர்களுக்கு 'பசங்க' இல்லை 'காக்கா முட்டை', இரண்டில் ஒன்றுதான் முடியும். 6 மணிக்கு அதைப் பார்க்கச் சேலம் குகைப் பகுதிக்குக் கிளம்ப வேண்டும்.

எத்தனை மணிக்குப் படம் போடுகிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. மதியம் 3 மணி என்றே வைத்துக்கொள்கிறேன். 'காக்கா முட்டை' 109 நிமிடம். விளம்பரத்தோடு இரண்டேகால் மணி, 5.15க்கு முடிந்துவிடும். பிள்ளைகள் முகம் கழுவிச் சட்டை மாற்ற நேரம் இருக்கிறது. 'பசங்க' அதைவிட நீளம், கடைசிக் கட்டத்தில் எழுந்து ஓட வேண்டி வரும்.

நேரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 'பசங்க' பள்ளிக்கூடக் கலாட்டா, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் பத்துப் பேர் கூடியிருந்தால் அதைப்போல வராது. உங்கள் வீட்டில் இரண்டு பேர். 'காக்கா முட்டை'யிலும் இரண்டு பேர்தான். தண்டவாளத்தில் சிதறும் கரியைப் பொறுக்கி விற்று, ஒரு பீட்சா வாங்கக் காசு சேர்க்கும் அண்ணன் தம்பி. அந்தக் காசு எப்படிச் சேர்கிறது என்பதை உங்கள் பிள்ளைகள் உங்களைவிட வேகமாகக் கணக்குப் போடுவார்கள். ஆயா தோசைக்கல்லில் பீட்சா சுடும் இடத்தில் சிரிப்பார்கள். ஆயாவுக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்துச் சின்னவன் அழலாம், பக்கத்தில் உட்காருங்கள்.

முடிந்ததும் அவர்களுக்குப் பசிக்கும். குகை போகும் வழியில் தட்டு வடை செட் வாங்கிக் கொடுங்கள்.