பழைய காமிக்ஸ் இதழ்களின் தரமதிப்பீடும் பாதுகாப்பும்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் உள்ள பழைய இதழ் நேற்று அச்சகத்திலிருந்து வந்ததுபோல் பளிச்சென்று இருக்கிறது. தரமதிப்பீட்டுக்கு அனுப்பினால் 9.8 கிடைக்குமா?

பதில்: அனுப்புவதற்கு முன் நீங்களே ஒரு முறை சோதித்துவிடுங்கள். 0.5இல் தொடங்கி 10.0இல் முடியும் இந்த அளவுகோலில் 9.4ஐத் தாண்டிவிட்டால், இதழுக்கு இதழ் உள்ள வேறுபாடு சாதாரணப் பார்வைக்குப் பிடிபடாத அளவுக்குச் சிறுத்துவிடும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, வெளிச்சம் அட்டையின்மேல் சாய்வாக விழும்படி இதழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். முதுகுப் பகுதியில், அதிலும் ஸ்டேப்ளர் பின்கள் இறங்கியிருக்கும் இடங்களைச் சுற்றி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் குறுக்குக் கோடுகள் தென்படலாம். மை உடையாமல் வெறும் வளைவாக இருந்தால் அது சிறிய குறை. மை உடைந்து அடியிலுள்ள வெள்ளைக் காகிதம் தெரிந்தால் ஒரே ஒரு கோடுகூட 9.8ஐத் தட்டிப் பறித்துவிடலாம்.

அடுத்து நான்கு மூலைகளையும் பின்னட்டையையும் பாருங்கள். முன்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு மதிப்பெண் சொல்பவர்களே அதிகம். நடுத்தாள் இரண்டு பின்களிலும் பிடிப்போடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எல்லாப் பக்கங்களையும் எண்ணிவிடுங்கள். 1970களின் நடுவில் வெளிவந்த மார்வெல் இதழ்கள் பலவற்றில், வெட்டி எடுத்துச் சேகரிப்பதற்கென்றே வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சிறு முத்திரைப் படத்தை அச்சிட்டிருந்தார்கள். வால்வரின் என்ற நாயகன் முதன்முதலாக முழுமையாகத் தோன்றிய 1974ஆம் ஆண்டின் ஹல்க் 181ஆம் இதழும் அவற்றில் ஒன்று. அட்டை அப்பழுக்கில்லாமல் இருந்தும், உள்ளே அந்த முத்திரை வெட்டப்பட்டிருப்பதால் மதிப்பை இழந்து நிற்கும் பிரதிகள் ஏராளம்.

கேள்வி: ஒரே இதழுக்கு இருவர் இரண்டு மதிப்பெண் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் ஓரளவுக்கு நம்பலாம். 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலை வழிகாட்டி வெளிவந்த பிறகுதான் தரத்தைக் குறிக்கப் பொதுவான சொற்கள் நிலைபெற்றன. அப்போதும் விற்பவர் சொல்வதே தரம் என்ற நிலைதான் இருந்தது. 2000இல் சிஜிசி நிறுவனம், வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பாக மதிப்பிட்டு, இதழை மதிப்பெண் சீட்டோடு கடினமான பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துக் கொடுக்கத் தொடங்கியது. அந்த மதிப்பெண்ணும் பயிற்சி பெற்ற சிலர் ஒரு குறிப்பிட்ட நாளில் சொன்ன கருத்துத்தான். அதே பிரதியைப் பேழையிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பி, வேறு எண்ணோடு திரும்பப் பெற்றவர்கள் உண்டு. இதழின் நிலைக்கும் சீட்டில் உள்ள எண்ணுக்கும் இடையே ஐயம் வந்தால் இதழின் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: உள்பக்கங்கள் பழுப்பேறிவிட்டன. இது ஏன் நேர்கிறது? திரும்ப வெளுக்கச் செய்ய முடியுமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பழைய காமிக்ஸ் இதழ்களின் உள்பக்கங்கள் நியூஸ்பிரின்ட் தாளில் அச்சானவை. மரத்தை இயந்திரத்தில் அரைத்துச் செய்யும் அந்தத் தாளில், மரத்தின் இழைகளைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் ஆக்சிஜனும் படும்போது லிக்னின் நிறம் மாறுவதைத்தான் நாம் பழுப்பாகப் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலை அதைவிடக் கொடியது. தாளில் சேரும் அமிலம், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுக்கிறது. அதன் முடிவில் தாள் மடித்தால் முறியும், பிறகு தொட்டாலே உதிரும். இந்த வினை தானே அமிலத்தை உண்டாக்கித் தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்ளும். வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தால் தாளின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது ஆவணக் காப்பாளர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு.

இதற்கு மிகச் சிறந்த சான்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எட்கர் சர்ச் என்பவர் சேர்த்து வைத்திருந்த தொகுப்பு. 18,000க்கும் மேற்பட்ட இதழ்கள் கொண்ட அந்தத் தொகுப்பைச் சக் ரொஸான்ஸ்கி என்ற காமிக்ஸ் வணிகர் 1977இல் வாங்கினார். 1930, 40களில் அச்சான இதழ்கள் பெரும்பாலும் வெள்ளைப் பக்கங்களோடும் மங்காத மையோடும் இருந்தன. அவற்றுக்கு மைலார் உறையும் இல்லை, அமிலமற்ற அட்டையும் இல்லை. உலர்ந்த, குளிர்ந்த, உயரமான நிலப்பகுதியில், இருட்டில், காற்று அதிகம் புகாதபடி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருந்தார், அவ்வளவுதான். அதே ஆண்டுகளில் அச்சான இதழ்களில் பெரும்பகுதி போர்க்காலக் காகிதச் சேகரிப்பில் கூழாகப் போய்விட்டது. தப்பியவற்றில் பல பரண்களின் வெப்பத்தில் கருகிப்போயின.

திரும்ப வெளுக்கச் செய்ய முடியுமா என்றால், ரசாயனத்தால் வெளுக்கலாம், ஆனால் அறுந்த சங்கிலிகள் ஒட்டாது. வெளுத்த தாள் பலவீனமான தாள். தரமதிப்பீட்டில் அது சீரமைப்பு என்ற கணக்கில் வேறு வரும். இருக்கும் நிலையை நிறுத்தி வைப்பது மட்டுமே நம் கையில் உள்ளது. அறையின் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ, ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள்ளோ இருக்கட்டும். இரண்டும் அடிக்கடி ஏறி இறங்காமல் இருப்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் தாள் ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் அட்டை அலையலையாக நெளியும்.

கேள்வி: எந்த உறை நல்லது?

பதில்: நெடுங்காலத்துக்கு என்றால் மைலார் என்று வழங்கும் பாலியெஸ்டர் படலம். பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்க்கும், பின்னர் கசியக்கூடிய இளக்கிகள் அதில் கிடையாது. பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் உறைகள் சில ஆண்டுகளுக்குத் தாங்கும்; மஞ்சளித்தாலோ நெளிந்தாலோ பிசுபிசுத்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். பிவிசி உறையை இதழின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உறைக்குள் வைக்கும் அட்டையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த அட்டைகளில் வழவழப்பான ஒரு பக்கம் மட்டும் அமிலமற்ற பூச்சு பெற்றிருக்கும், உள்ளீடு சாதாரண மரக்கூழாக இருக்கும். முழுத் தடிமனிலும் கால்சியம் கார்பனேட் கலந்த அட்டை வாங்குங்கள். ஒருபக்கப் பூச்சு அட்டையே வாய்த்தால், வழவழப்பான பக்கம் இதழைப் பார்க்க வையுங்கள்.

கேள்வி: அட்டை முதுகில் சிறு கிழிசல். உள்பக்கமாகச் செலோடேப் ஒட்டிவிடட்டுமா? வெளியே தெரியாது.

பதில்: கூடாது. அந்த ஒட்டுநாடாவின் பசை முதலில் தாளுக்குள் ஊறும், பிறகு மஞ்சளாகிக் கெட்டிப்படும், கடைசியில் நாடா கழன்று விழுந்து கறை மட்டும் மறுபக்கம் வரை தங்கும். கிழிசல் பெரிதாகாமல் மைலார் உறையே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: லேமினேட் செய்து வைத்தால் என்ன?

பதில்: அதோடு அந்த இதழ் முடிந்தது.

கேள்வி: பிரஸ்ஸிங் செய்தால் மதிப்பெண் கூடும் என்கிறார்கள். அது சீரமைப்பு ஆகாதா? இரண்டையும் ஏன் வேறாகப் பார்க்கிறார்கள்?

பதில்: இதழுக்கு அளவான ஈரம் ஏற்றி, சூடான அழுத்தப் பொறியில் வைத்து, மை உடையாத வளைவுகளையும் பள்ளங்களையும் சமன்செய்வது பிரஸ்ஸிங். எதையும் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்பதால் சிஜிசி அதைச் சீரமைப்பாகக் கருதுவதில்லை. வண்ணம் தீட்டுதல், இழந்த மூலையைப் புதுத் தாளால் நிரப்புதல், ஓரத்தை வெட்டிச் சமன்செய்தல் போன்றவை சீரமைப்பு. அவற்றுக்கு ஊதா நிறச் சீட்டு. பிரஸ்ஸிங்கும் சீரமைப்பே என்பதற்கும் அல்ல என்பதற்கும் நடுவில் நிற்கிறது என் நிலை. பிரஸ்ஸிங் செய்ததை விற்பவர் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பேன்.

(அதே அன்பர்): சட்டைக்கு இஸ்திரி போட்டதை யாராவது சொல்லிக்கொண்டு விற்கிறார்களா?

பதில்: சட்டை தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். எண்பது ஆண்டு வயதான, ஏற்கெனவே அமிலமேறிய தாளுக்கு ஈரத்தையும் சூட்டையும் ஒருசேரக் கொடுப்பது, மேலே நான் விவரித்த அதே வினைக்குத் தீனி போடுவது. ஒரு முறை, தேர்ந்த கை, நல்ல தாள் என்றால் பாதிப்பு மிகக் குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 9.0 வாங்கிய இதழை 9.2க்காக ஒருவர் அழுத்துவார், அடுத்து வாங்கியவர் 9.4க்காக மறுபடி அழுத்துவார். முன்பு எத்தனை முறை சூடேறியது என்பது இருவருக்கும் தெரியாது. தவறாக அழுத்தியதால் அட்டை சுருங்கி, உள்பக்கங்கள் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நின்ற 1960களின் இதழ்கள் உயர்ந்த மதிப்பெண்ணோடு பேழைக்குள் வந்ததைச் சேகரிப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

(வேறொரு அன்பர்): கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்து என்ன பயன்? நேர்மையாகச் சொல்பவர் மட்டும் நஷ்டப்படுவார்.

பதில்: வலுவான வாதம்தான். சேர்த்ததைக் கண்டுபிடிக்கலாம்: ஏறத்தாழ 1950க்குப் பிறகு தாள்களில் கலக்கத் தொடங்கிய ஒளிர்பொருள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் என்பதால், 1940களின் இதழில் ஒட்டிய புதுத் துண்டு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நன்றாகச் செய்த பிரஸ்ஸிங்குக்கு அப்படியொரு சோதனை கிடையாது. ஆனால் சோதனை இல்லை என்பது செயலைக் குற்றமற்றதாக்காது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: மதிப்பெண் போடும் சிஜிசியின் சகோதர நிறுவனமான சிசிஎஸ், கட்டணம் வாங்கிக்கொண்டு பிரஸ்ஸிங் செய்து தருகிறது. அதை ஒளிவுமறைவு இல்லாமல்தான் செய்கிறார்கள். ஆயினும் பிரஸ்ஸிங் சீரமைப்பு ஆகாது என்ற வரையறையால் லாபம் காண்பவரே அந்த வரையறையை வகுப்பதை வாங்குபவர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

(முதல் அன்பர்): அப்படியானால் நீங்கள் பிரஸ்ஸிங் செய்த இதழை வாங்கவே மாட்டீர்களா?

பதில்: வாங்குவேன், பக்கங்கள் வெள்ளையாகவும் வளையும் தன்மையோடும் இருந்தால். பழுப்பேறி முறியும் நிலையில் உள்ளதை அழுத்தியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் வாங்க மாட்டேன். இதே வாதத்தை வேறு சொற்களில் எழுப்பிய ஏழெட்டுக் கேள்விகளுக்கும் இதுவே பதில்.

கேள்வி: சாதாரண பிளாஸ்டிக் உறை போதாதா?

பதில்: உறை பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் இதழ்களில் ஓரிரு மூலைகள் மட்டும் மடங்கியிருக்கின்றன. 9.8 வருமா?

பதில்: வராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பெட்டியில் வெள்ளிமீன் பூச்சிகள். சில இதழ்களில் பூஞ்சை வாடையும் அடிக்கிறது. மருந்து தெளிக்கலாமா?

பதில்: மருந்தைத் தாளின்மேல் தெளிக்கவே கூடாது. பாதித்த இதழ்களை முதலில் மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். பூச்சிக்கு, இதழ்களைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் பை அறை வெப்பத்துக்கு வர ஒரு முழு நாள் விட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லையேல் குளிர்ந்த தாளின்மேல் நீர் படியும். குளிர் பூஞ்சையை உறங்க வைக்கும், கொல்லாது. அதற்கு ஈரப்பதத்தைக் குறைத்து உலர்த்தி, உலர்ந்த பிறகு முகக்கவசம் அணிந்து மென்தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்த்துவிடுவீர்கள்.

கேள்வி: பேழையில் அடைத்த இதழைச் சுவரில் மாட்டலாமா? இனி அதற்கு ஆபத்து இல்லை அல்லவா?

பதில்: பேழை காற்றுப் புகாத பெட்டி அன்று, ஈரமும் வெப்பமும் உள்ளே போகும். அமிலத்தை உறிஞ்ச உள்ளே வைக்கும் மைக்ரோசேம்பர் தாளுக்கும் கொள்ளளவு உண்டு. வெளிச்சம் அட்டையை வெளிறச் செய்வதைப் பிளாஸ்டிக் தடுத்துவிடாது. மாட்டத்தான் வேண்டுமென்றால் வண்ண நகலை மாட்டுங்கள். பேழையை வாங்கும்போது ஓரங்களையும், உள்ளே இருக்கும் பிரதி சீட்டோடு பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். பேழைக்குள் தரம் குறைந்த பிரதிகளை மாற்றி வைத்த மோசடி 2023, 24இல் வெளிப்பட்டதிலிருந்து இது இன்னும் அவசியமாகிவிட்டது.

கேள்வி: எந்த இதழை வாங்கிப் போட்டால் விலை ஏறும்?

பதில்: ஏல நிறுவனங்கள் பழைய விற்பனை விவரங்களை வெளியிடுகின்றன, அங்கே தேடுங்கள்.

கேள்வி: ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்துவிட்டன. புதிய பின் போட்டு, கிழிந்த இடத்தில் உள்பக்கமாக நாடா ஒட்டலாமா?

பதில்: நாடாவா? மறுபடியும் கூடாது. பின்னையும் மாற்றாதீர்கள், புதிய பின் கண்ணில் படும், அது மதிப்பீட்டில் குறையாகவே எழுதப்படும். துரு தாளுக்குள் பரவிக்கொண்டே போகிறது என்றால் அந்த வேலையைக் காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். துரு பின்னோடு நின்றிருந்தால், ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்து, இதழைப் பெட்டியில் சாயாதபடி நிமிர்த்தி வைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.