கேள்வி மேடை: டிராஃப்ட் நாள் குழப்பங்கள்

பந்தைத் தொடாமலே கூடைப்பந்து ஆடுகிற கூட்டத்துக்கு இந்த மாதப் பகுதி. மேனேஜராக உட்கார்ந்து டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நாள்) ஆள் எடுத்து, சம்பளம் பேசி, சீசன் சீசனாக ஓட்டும் விளையாட்டுகளைப் பற்றி முன்பு நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் இவை. நான் ஆடுவது உலாவியிலேயே இலவசமாக ஓடும் ‘பாஸ்கெட்பால் ஜிஎம்’. மற்ற விளையாட்டுகளிலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

கேள்வி: ஒரு டிரேடில் (அணிகளுக்குள் நடக்கும் பண்டமாற்று) எனக்கு மூன்றாவது பிக், அதாவது மூன்றாவதாக ஆள் எடுக்கும் முறை, கிடைத்தது. இரண்டு பேர் கண்ணில் படுகிறார்கள். ஒருவனுக்கு வயது 22, இப்போதைய மதிப்பு நூற்றுக்கு 52, எட்டக்கூடிய உச்சம் 57. இன்னொருவனுக்கு 19, மதிப்பு 43, உச்சம் 66. என் அணி இந்த வருடமே பிளே-ஆஃப் போகும் நிலையில் இருக்கிறது. யாரை எடுக்கலாம்?

பத்தொன்பதை எடுங்கள். சொல்கிறவன் பட்டவன்.

என்னுடைய ஆறாவது சீசனில் இதே இடத்தில் நின்றேன். எண்களும் கிட்டத்தட்ட இவையே. ‘இந்த வருடமே ஜெயிக்க வேண்டும்’ என்று இருபத்திரண்டு வயதுக்காரனை எடுத்தேன். முதல் வருடம் பெஞ்சிலிருந்து வந்து சராசரியாக 11 புள்ளி போட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தைந்தாவது வயதில் 55-ஐத் தொட்டான், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நான் விட்ட பையனை அடுத்த அணி எடுத்தது. இரண்டு வருடம் பெஞ்சில் தூங்கினான். மூன்றாம் வருடம் 58. ஐந்தாம் வருடம் 71. அந்த வருடம் பிளே-ஆஃப் ஏழாவது ஆட்டத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பியதும் அவன்தான். இந்த விளையாட்டில் வீரர்களின் பெயரைக் கணினியே இஷ்டத்துக்கு வைக்கிறது, எதுவும் மனதில் நிற்பதில்லை. அதனால் நோட்டில் நானே பட்டப்பெயர் எழுதிவைப்பேன். அவனுக்கு ‘நெட்டையன்’ என்று எழுதியிருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு வேறொன்று எழுதினேன், அச்சில் போட முடியாது.

நான் செய்த தப்பு, 52-ஐயும் 43-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அவை ஒரே வயதின் எண்கள் அல்ல. ‘இந்த 22 வயதுக்காரன் மூன்று வருடத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்திருப்பான்?’ என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்தடுத்த வருட டிராஃப்டுக்கு வரப்போகிறவர்களின் பட்டியலையும் விளையாட்டு முன்கூட்டியே காட்டும். வருடா வருடம் அதைப் புரட்டி வந்தால் யார் ஏறுகிறான், யார் நின்றுவிட்டான் என்பது தெரியும். நான் டிராஃப்ட் நாளன்றுதான் அதைத் திறந்தேன்.

உச்சம் 66 என்பதும் வாக்குறுதி இல்லை. இன்றைய நிலையை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு, அவ்வளவுதான். 75-க்கும் போகலாம், 50-லும் சாகலாம். போதாததற்கு, திரையில் தெரியும் எண்ணிலேயே கொஞ்சம் பிசகு கலந்து வைத்திருக்கிறார்கள். புதுப் பையன்களுக்கு அந்தப் பிசகு அதிகம். ஸ்கவுட்டிங்குக்கு, அதாவது புது ஆட்களைப் பார்த்து எடைபோடும் வேலைக்கு, கூடுதலாகச் செலவழித்தால் குறையும். ஆகவே 43-க்கும் 45-க்கும் நடுவே தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் ஒன்றுதான்.

நான் இப்போது மொத்த மதிப்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் தனித்தனி எண்களைப் பார்க்கிறேன். உயரம் சொல்லிக்கொடுத்து வராது. வேகமும் தாவலும் இளமையில் இருப்பதுதான் இருப்பு, பின்னால் இறங்கத்தான் செய்யும். தூரத்து ஷாட், பாஸ், ஆட்ட அறிவு இவையெல்லாம் வயது ஏற ஏற வரும். நெட்டையாக, வேகமாக, ஷாட் மட்டும் கண்றாவியாக இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்தால் எனக்கு எச்சில் ஊறுகிறது. குட்டையாக, மெதுவாக, எல்லாம் ‘பரவாயில்லை’ என்று இருக்கும் 22 வயதுக்காரனைப் பார்த்தால் பக்கத்தைத் தள்ளிவிடுகிறேன்.

சரி, இந்த வருடம் ஜெயித்தே ஆக வேண்டுமா? அப்போதும் 22 வேண்டாம். பிக்கையே டிரேடில் போட்டு, 27, 28 வயதில் முழுதாக விளைந்த ஆளை வாங்குங்கள்.

கேள்வி: என் அணியில் இரண்டு நல்ல பாயின்ட் கார்டுகள் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்கள்) இருக்கிறார்கள். டிராஃப்டில் மிச்சமிருப்பவர்களில் சிறந்தவனும் பாயின்ட் கார்டுதான். கூடையருகே நிற்கும் நெட்டையர், அதாவது சென்டர், இடம் காலியாக இருக்கிறது. தேவைக்கு எடுப்பதா, திறமைக்கு எடுப்பதா?

1984-ல் அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் போர்ட்லாண்ட் அணிக்கு இதே கேள்வி வந்தது. கையில் இரண்டாவது பிக். முந்தின வருடம்தான் ஷூட்டிங் கார்டாக கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தார்கள். வேண்டியது சென்டர். முதல் பிக்கில் ஹக்கீம் ஒலாஜுவோனை ஹூஸ்டன் கொண்டுபோய்விட்டது. போர்ட்லாண்ட் சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக சிகாகோ எடுத்தது, டிரெக்ஸ்லரைப் போலவே ஷூட்டிங் கார்டான மைக்கேல் ஜோர்டனை. போவி மோசமான ஆட்டக்காரர் இல்லை, பாவம், கால் காயங்கள் அவரைத் தின்றுவிட்டன. ஆனால் ‘நம்மிடம்தான் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறானே’ என்ற நினைப்பு எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய கணக்கு கிடையாது.

திறமைக்கே எடுங்கள். பாஸ்கெட்பால் ஜிஎம்மில் பொசிஷன் பெரிதாகக் கணக்கிலேயே வராது. யாரிடம் என்ன திறன் இருக்கிறது என்றுதான் பார்க்கும். பந்தைக் கையாளத் தெரிந்தவன், மூன்று புள்ளி போடுகிறவன், உள்ளே நின்று தடுப்பவன், தவறிய ஷாட்டைப் பிடித்து ரீபவுண்டு எடுப்பவன் என்று கலந்திருந்தால் சின்ன ஊக்கம் உண்டு. அது டிரேடில் சரிக்கட்டக்கூடிய குறை. அதிகமாக இருக்கும் பாயின்ட் கார்டைக் கொடுத்து சென்டர் வாங்கலாம். சுமாரான சென்டரைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் மினசோட்டா ஐந்தாவது, ஆறாவது பிக் இரண்டையும் பாயின்ட் கார்டுகளுக்கே செலவழித்தது: ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின். ஏழாவதாகப் போனவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஸ்டெஃபன் கரி. அவரும் பாயின்ட் கார்டுதான்! சரியான பொசிஷனில் தவறான ஆளை எடுக்கவும் வழி இருக்கிறது.

கேள்வி: முதல் பிக்குக்காக வேண்டுமென்றே தோற்கலாமா?

ஒரு சீசன் தோற்றுப் பாருங்கள், அலுப்பு எப்படியிருக்கும் என்று தெரியும். அலுப்பை விடுங்கள், கணக்கே உதைக்கிறது. பின்தங்கிய அணிகளில் யாருக்கு முதல் பிக் என்று தீர்மானிக்கும் குலுக்கலை 2019 டிராஃப்டிலிருந்து என்பிஏ மாற்றியது. அதுவரை கடைசி இடத்து அணிக்கு முதல் பிக் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு. மாற்றிய பிறகு கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம்தான். அந்த முறையில் குலுக்கல் தீர்மானிப்பது முதல் நான்கு இடங்களை மட்டும், ஆக கடைசி அணி ஐந்தாவது பிக் வரை சறுக்கலாம். 2023-லும் 2024-லும் டெட்ராய்ட், 2025-ல் யூட்டா, மூன்று வருடமும் கடைசி இடத்து அணி ஐந்தாவதுக்கே போய் விழுந்தது. 2025-ல் முதல் பிக் வென்ற டல்லாஸுக்கு இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம்.

அணி எப்படியும் தேறாது என்றால் வயதானவர்களை விற்று பிக் சேருங்கள். தோல்வி தானாக வரும், அதற்குத் தனியாக உழைக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டாம் சுற்று பிக்குகளை (எல்லா அணிகளும் ஒரு முறை எடுத்த பிறகு வருபவை) டிரேடில் கொசுறாகக் கொடுத்துவிடுகிறேன். சரிதானே?

பாதி சரி. நானும் கொடுத்திருக்கிறேன். 2014-ல் நிகோலா யோகிச்சை டென்வர் எடுத்தது 41-வது இடத்தில். அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாளில் மூன்று முறை எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர். இன்னொரு நட்சத்திரம் மனு ஜினோபிலி 1999-ல் 57-வது. இப்படிப்பட்டவர்கள் அபூர்வம்தான், ஆனால் இந்த லாட்டரிச் சீட்டின் விலையும் ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றில் இளையவனை மட்டும் எடுங்கள். இரண்டு வருடத்தில் ஏறாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மூன்று நட்சத்திரங்களை வைத்திருக்கிறேன். சேலரி கேப் (அணியின் மொத்தச் சம்பள வரம்பு) அவர்களுக்கே முடிந்துவிட்டது. மீதிப் பன்னிரண்டு பேரும் குறைந்தபட்சச் சம்பள ஆட்கள். ஏன் பிளே-ஆஃபில் இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை?

நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், மொத்தம் 240 நிமிடம். முதல் ஐவர் தலைக்கு 34 ஆடினால் 170. மிச்சம் 70. அதை நான்கு பேர் பங்கு போடுவார்கள். உங்கள் ஆறாவது, ஏழாவது ஆள் கால் மணி நேரத்துக்கு மேல் ஆடுகிறான். அவன் குறைந்தபட்சச் சம்பள ஆளாக இருந்தால் நட்சத்திரம் மூச்சு வாங்கும்போதெல்லாம் எதிரணி பத்துப் புள்ளி தள்ளிவிடும்.

இந்த விளையாட்டு அணியின் மதிப்பைப் போடும்போது சிறந்த பத்துப் பேரை எடுத்துக்கொள்கிறது. முதலாமவனுக்கு அதிக எடை, அடுத்தவனுக்குக் கொஞ்சம் குறைவு, இப்படி இறங்கிக்கொண்டே போகும். ஆக நட்சத்திரம் வேண்டும் என்பதில் உங்கள் புத்தி சரி. மூன்றாவது நட்சத்திரத்துக்குப் போட்ட பணம்தான் தப்பு. அவரை விற்று, நான்காவதிலிருந்து எட்டாவது வரை ஐந்து இடங்களைச் சரிசெய்யுங்கள். பத்தாவதுக்குக் கீழே யார் இருந்தாலும் ஒன்றுதான், அந்த நாற்காலிகளில் பத்தொன்பது வயதுப் பையன்களை உட்கார வையுங்கள்.

அப்புறம், டிராஃப்டின் நிஜ லாபமே சம்பளத்தில்தான் இருக்கிறது. என்பிஏவில் முதல் சுற்று வீரரின் சம்பளத்துக்கு அட்டவணை உண்டு. நான்கு வருட ஒப்பந்தம், கடைசி இரண்டு வருடத்தைத் தொடர்வதா என்பது அணியின் இஷ்டம். மூன்றாம் வருடமே ஒருவன் நட்சத்திரமாகிவிட்டாலும் அட்டவணைச் சம்பளம்தான். உங்கள் மூவரில் ஒருவராவது அந்தச் சம்பளத்தில் இருக்கும் காலத்தில்தான் கோப்பைக்கு முட்ட வேண்டும். மூன்று பேருக்கும் முழுச் சம்பளம் வந்துவிட்டால் கதவு பாதி சாத்தியாயிற்று. சொந்த வீரரை கேப் தாண்டியும் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற விதி கொஞ்சம் மூச்சு தரும். அதை 31 வயதுக்காரருக்கு ஐந்து வருடம் எழுதிக்கொடுத்து வீணாக்காதீர்கள். நான் எழுதிக்கொடுத்தேன். கடைசி இரண்டு வருடம் அவர் பெஞ்சில் இருந்தார், சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்.

கேள்வி: குலுக்கல் சரியாக வராவிட்டால், சேமித்து வைத்த பழைய கணினிக் கோப்பை எடுத்துத் திரும்ப ஆடுவது தப்பா?

உங்கள் கணினி, உங்கள் அணி, யார் கேட்கப் போகிறார்கள்? நானும் செய்திருக்கிறேன். குலுக்கலுக்கு முன்னால் லீக்கை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, முதல் பிக் வரும்வரை பதினொரு முறை திரும்ப ஏற்றினேன். வந்தது. அப்படியொரு பையனை அதற்கு முன்னும் பின்னும் எடுத்ததில்லை. இரண்டாவது சீசன் நடுவில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. கோப்பு அங்கேயே பத்திரமாகத்தான் இருந்தது. பன்னிரண்டாவது முறை ஏற்றக் கை போகவில்லை.