ரெண்டு பம்பு போயிட்டு, மூணாவதும் வாங்கவா?

கேள்வி: சம்மாந்துறையில வயல் செய்யிறன். உழவு மெசின்ட ஹைட்ரோலிக் பம்பு கல்லு அரைக்கிற மாதிரி இரைஞ்சி, பெட்டி தூக்கவும் இழுபட்டிச்சி. ரீகண்டிசன் பம்பு ஒண்டு வாங்கிப் போட்டன், ரெண்டு மாசத்துல அதுவும் அதே சத்தம். கடைக்காரர் ஒயில் பிழை, வரண்டி இல்ல எண்டுறார். புதுசே வாங்கிடவா?

பதில்: தம்பி, இப்ப காசு குடுத்துடாதீங்க. முதல் கழட்டி வச்ச பழைய பம்பத் திறந்து, டோர்ச் அடிச்சி, நகத்தால தடவிப் பாருங்க. சுத்துற பக்கமா நீட்டு நீட்டாக் கோடு விழுந்திருந்தா ஒயில்ல மண்ணு, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா அரிச்சிருந்தா அது கேவிட்டேஷன், அதாவது பம்புக்கு உறிஞ்ச ஒயில் காணாம உள்ளுக்குள்ள அழுத்தம் இறங்கி ஒயில்லயே சின்னச் சின்னக் குமிழி கிளம்பி, அது அழுத்தம் கூடின பக்கம் போன உடன பட்டெண்டு உடைஞ்சி, உடையிற நேரம் ஊசி மாதிரி ஒரு ஒயில் தாரை இரும்புல குத்தும். ஒரு குத்துக்கு ஒண்டும் ஆகாது, விடாம லட்சக்கணக்குல குத்தினா உருக்கும் பேந்துடும். படகுட ப்ரொப்பெல்லர அரிக்கிறதும் இதுதான், குமிழி உடையிற அழுத்தத்த 1917லயே ரேலி எண்ட இங்கிலாந்து விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டிட்டார்.

குழி இருந்தா பிழை அனேகமா பம்புக்கு முன்னுக்குத்தான் கிடக்கு, அதச் சரி பண்ணாம எந்தப் பம்பப் போட்டாலும் திரும்பவும் இதே கதைதான், எனக்கு மனசு பொறுக்காதது இதுதான். டேங்குக்குள்ள இருக்கிற வலையக் கழட்டிக் கழுவுங்க, உறிஞ்சுற ஹோஸ அமத்திப் பாருங்க, வெளியால நல்லா இருக்கும் உள் ரப்பர் கழண்டு வாயை மூடியிருக்கும். ஒயில் மட்டம் குறைஞ்சாலும் இதுதான். ஒயில் பால் மாதிரி நுரைச்சா காத்து இழுக்குது, கிளிப்ப இறுக்குங்க, நுரை இல்லாம வெள்ளையாவே நிண்டா தண்ணி கலந்திருக்கு. சத்தம் குறையும் எண்டு தடிச்ச ஒயில் ஊத்தாதீங்க, மெனுவல்ல ஒயில்ட தடிப்பு நம்பர் 46 எண்டா 46தான், 68 ஊத்தினா விடியச் சாமம் ஸ்டார்ட் பண்ணக்குள்ள உறிஞ்சவே கஷ்டப்படும்.

கடைக்காரர் சொல்றது முழுப் பொய்யும் இல்ல, ஆனா திறந்து பார்க்காம வரண்டி இல்ல எண்டுறது நியாயம் இல்ல. ரீகண்டிசன் பம்ப அவர் முன்னாலயே திறந்து போட்டோ எடுங்க. குழியும் இல்ல கோடும் இல்ல, ஆனா சீல் பழசு, பல்லு தேஞ்சி எண்டா பம்பு ஒழுங்கா ரீகண்டிசன் பண்ணினது இல்ல, அவர் மாத்தித் தரத்தான் வேணும். மறுத்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சிக் கேளுங்க. சாமான் வாங்கி மூணு மாசத்துக்குள்ள முறைப்பாட்ட எழுத்துல குடுக்கணும், உங்களுக்கு ரெண்டு மாசம் போயிட்டு, பில்லு கையில இல்லாட்டி நாளைக்கே போய் எழுதி வாங்குங்க.