பச்சைச் சாணத்தை அப்படியே வயலில் போடலாமா, மட்க வைத்துத்தான் போட வேண்டுமா?

மட்க வைத்தே போடுங்கள். பச்சைச் சாணத்தில் களை விதைகளும், ஈ.கோலை போன்ற கிருமிகளும் உயிரோடு இருக்கும். பச்சைக் கோழி எச்சம் இன்னும் மோசம். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா இளஞ்செடியின் வேரைக் கருக்கிவிடும்.

ஆனால் ஒரு மூலையில் கொட்டி வைத்துவிட்டால் அது மட்குவதாகாது. காற்றுப் புகாத குவியல் அழுகி நாறும், மீத்தேனை வெளியிடும். சாணத்தோடு வைக்கோல், சருகு, தட்டை என்று காய்ந்ததைக் கலக்க வேண்டும். கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஈரம்? கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. குவியலின் உள்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டி 15 நாளாவது நீடிக்கட்டும். அதற்குள் ஐந்து முறை புரட்டினால் வெளிப்பக்கத்தில் இருப்பதும் உள்ளே போய்ச் சூடுபடும். கிருமியும் களை விதையும் பெரும்பாலும் அதில் அழியும். பிறகு சில மாதம் ஆறவிட்டால் மண்வாசனை வரும், எரு தயார்.

பலரும் கோட்டை விடுவது மாட்டு மூத்திரத்தை. தழைச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. தொழுவத்தில் வைக்கோல் பரப்பி, ஊறியதையும் குவியலில் சேருங்கள். மேலே மூடி வையுங்கள், மழை சத்தைக் கரைத்து அருகிலுள்ள கிணற்றுக்குக் கொண்டுபோய்விடும்.

மாடுகள் நிறைய இருந்தால் சாண எரிவாயுக் கலனே என் தேர்வு. அடுப்புக்கு வாயு கிடைக்கும், வெளிவரும் கரைசலில் தழைச்சத்து ஏறக்குறைய முழுதாக மிஞ்சும்.