உப்புக்காற்றில் ராஸ்பெர்ரி பை: மூன்று எஸ்டி கார்டு போனது ஏன்?

கேள்வி: தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினியும், வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 சென்சாரும் வைத்து வானிலையைப் பதிவு செய்கிறேன். பத்து விநாடிக்கு ஒருமுறை பைத்தான் நிரல், எஸ்டி கார்டில் உள்ள எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும். ஒன்றரை வருடத்தில் மூன்று எஸ்டி கார்டு போய்விட்டன. இப்போது ஈரப்பதமும் நாள் முழுக்க 100 என்றே நிற்கிறது. லினக்ஸை விட்டு வேறு எதற்காவது மாறினால் சரியாகுமா?

பதில்: மாற வேண்டாம், லினக்ஸ் மேல் தப்பில்லை. உங்கள் மாடியில் இருப்பது இரண்டு தனித்தனி நோய்கள். கார்டைக் கொல்வது மின்சாரம், சென்சாரைக் கெடுத்தது உப்பு.

முதலில் கார்டு. அதற்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு வரியை மட்டும் தனியாக அழித்து எழுத முடியாது. பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். நீங்கள் பத்து விநாடிக்கு ஒருமுறை எழுதும் சின்னப் பதிவுக்காகக் கார்டு உள்ளுக்குள் அதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது. அந்த நேரத்தில் கரண்ட் போனால், அதே தொகுதியில் இருக்கும் சம்பந்தமே இல்லாத சிஸ்டம் ஃபைலும் சேர்ந்து பாழாகலாம்.

கரண்ட் போகாமலே கெடுவதும் உண்டு. டெர்மினலில் டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்து, 'அண்டர்-வோல்டேஜ்' (Under-voltage) என்று வரி இருக்கிறதா பாருங்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது பை இப்படி எச்சரிக்கும். பை 3-க்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பழைய போன் சார்ஜரும் நீளமான மெல்லிய கேபிளும் போதாது.

அடுத்து உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். பாம்பன் பக்கம் இரவில் அது சர்வ சாதாரணம். போர்டிலும் சென்சாரிலும் படிந்த உப்பு இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும், மின்சாரமும் கடத்தும், செம்பைத் தின்னும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க பக்கத்து மண்டபம் ஊரைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. என் முதல் போர்டை ஃபேன் வைத்த பெட்டியில் போட்டிருந்தேன். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஓய்வதற்குள் பின்களில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. சூட்டைத் தணிக்க வைத்த ஃபேன்தான் உப்பை உள்ளே இழுத்து அடித்திருக்கிறது.

அதனால் என் யோசனை: பையை மாடியிலிருந்து இறக்கி வீட்டுக்குள் வையுங்கள். மாடியில் வைஃபை உள்ள சில நூறு ரூபாய் ஈஎஸ்பி8266 சிறு போர்டும் புது சென்சாரும் போதும். டஸ்மோட்டா என்ற திறமூல மென்பொருளை அதில் ஏற்றினால் வைஃபை வழியாக அளவுகளை அனுப்பிவிடும். கீழே பையில் ஓடும் மாஸ்கிட்டோ (Mosquitto) என்ற செய்தி வாங்கும் மென்பொருள் அதை வாங்கிக்கொள்ளும். ஈஎஸ்பியில் எஸ்டி கார்டே கிடையாது. கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து வேலையைத் தொடரும். வானிலைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவே தாராளம்.

பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் (raspi-config) ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கினால், எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவகத்துக்குப் போகும், கார்டில் எதுவும் எழுதப்படாது. ஆனால் பதிவுகளைத் தனி பென் டிரைவில் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுதொடக்கத்தில் எல்லாம் போய்விடும்.

மாடிக்குப் போகும் போர்டுக்கு ஈரம் புகாமல் காக்கும் மெல்லிய பூச்சான கன்ஃபார்மல் கோட்டிங் அடியுங்கள். சென்சாரின் சின்னத் துளையையும் இணைப்பு முனைகளையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். பெட்டியில் கேபிள் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

பழைய பையைச் சுத்தம் செய்யப் பலரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் தேய்ப்பார்கள். அதில் உப்பு சரியாகக் கரையாது. இணைப்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள், அப்புறம் ஆல்கஹால், பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

போன மூன்று கார்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றரை வருடக் கச்சானும் வாடையும் பதிவாக அவற்றில் இருக்கின்றன. வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, கெட்ட கார்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) கருவி கொண்டு முழு நகல் எடுங்கள். பழுது பார்ப்பதை அந்த நகலில் மட்டும் செய்யுங்கள். மூலக் கார்டில் கை வைக்க வேண்டாம்.